தருமபுரியில் பணம் எடுக்கப் போனோம்

இந்த முறை ஊர்ப் பயணத்தில் கல்யாணம், ஒகேனக்கல், மாம்பழம் எல்லாம் நல்லபடியாகவே முடிந்தது. எழுத உட்கார வைத்தது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு ஏடிஎம்.

சித்தப்பா மகன் காரிமங்கலம் பக்கத்தில் இருக்கிறான். புளி உலுக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. சக்கர நாற்காலியில் இருந்தபடியே செல்போன் ரிப்பேர் பார்க்கிறான். அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய் வங்கிக் கணக்கில் விழுகிறது. எடுத்து வருவது பக்கத்து வீட்டுப் பையன். கார்டும் பின் நம்பரும் அவனிடம். ஒரு ரூபாய் குறையாமல் கொடுப்பான், அதில் குற்றமே சொல்ல முடியாது. "ஆனா என் கணக்குல எவ்ளோ இருக்குன்னு எனக்கு முன்னாடி அவனுக்குத்தான்க்கா தெரியுது" என்றான் தம்பி. தருமபுரிக்கு வந்த அன்று, நானே எடுக்கிறேன் என்று அவனாகச் சொன்னான்.

வாசலில் மூன்று படி. பக்கத்தில் சாய்தளம் இருந்தது, அதன் அடியில் இரண்டு பைக். பைக்கை நகர்த்தினாலும் ஏறியிருக்க முடியாது. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சாய்தளக் கணக்கு. இங்கே ஒன்றரை அடி உயரத்துக்கு நாலடி நீளம்தான், அதுவும் வழவழ டைல்ஸ். மேலே போனதும் நாற்காலி நிற்க இடம் இல்லை, கதவு வெளிப்பக்கமாகத் திறக்கிறது. கட்டியவர் யாரையாவது ஒரு தடவை ஏற்றிப் பார்த்திருந்தால் இப்படிக் கட்டியிருக்க மாட்டார்.

காவலாளி என்னைப் பார்த்து, "மேடம், கார்டைக் குடுங்க, நான் எடுத்துத் தர்றேன். அவருக்கு எவ்ளோ வேணும்?" என்றார். அவன் எதிரிலேயே இருக்கிறான்! "எனக்குத்தான்ணா வேணும், நானே எடுத்துக்கறேன்" என்றான். அதற்குள் டீக்கடையிலிருந்து நாலைந்து பேர் ஓடி வந்துவிட்டார்கள். யாரும் கூப்பிடவில்லை. நாற்காலியோடு தூக்கி உள்ளே வைத்தார்கள். மெல்பர்னில் இத்தனை வருஷத்தில் இப்படி ஓடி வரும் கால்களை நான் பார்த்ததில்லை, கண் கலங்கிவிட்டது. ஆனால் தூக்கட்டுமா என்று அவனை ஒருவரும் கேட்கவில்லை. அவன் இரண்டு கையாலும் நாற்காலியை இறுகப் பிடித்திருந்ததை நான்தான் பார்த்தேன்.

உள்ளே நாற்காலியைத் திருப்ப இடம் இல்லை. நேராகப் போனால் முட்டி மெஷினில் இடிக்கிறது, கை எட்டவில்லை. கீழேயிருந்து பார்த்தால் திரையில் வெளிச்சம் அடிக்கிறது. எக்கி எக்கி அழுத்துவதற்குள் நேரம் முடிந்து கார்டு வெளியே வந்துவிட்டது. காவலாளி உதவி செய்யும் நல்லெண்ணத்தில் தோளுக்கு மேல் குனிந்து நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணா, கொஞ்சம் வெளிய இருங்க" என்று தம்பி சொன்னதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. மறுபடி கார்டைப் போட்டு, பணத்தை எடுத்து, தானே எண்ணி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

ஏடிஎம்களில் சாய்தளம் வேண்டும், மெஷின் உயரம் சக்கர நாற்காலிக்காரருக்குத் தடையாக இருக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2009-லேயே சொல்லிவிட்டது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 13-வது பிரிவு, தன் பண விவகாரத்தைத் தானே நடத்தும் உரிமை மற்றவர்களைப் போலவே அவர்களுக்கும் உண்டு என்கிறது. 5-வது பிரிவு சமூகத்தோடு சேர்ந்து வாழும் உரிமையைச் சொல்கிறது. இவ்வளவும் எழுத்தில் இருக்க, பின் நம்பர் பக்கத்து வீட்டில் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் எல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன். மெல்பர்னில் பழைய டிராம்களில் இன்னும் படிதான். ஆனால் என் கீழ்வீட்டுக்காரர் சக்கர நாற்காலியில் இருப்பவர், தனியாகக் குடியிருக்கிறார். என்.டி.ஐ.எஸ் என்ற தேசியத் திட்டத்தில் அவருக்கென்று நிதி ஒதுக்குகிறார்கள். காலையில் எழுப்பிக் குளிக்க வைக்க யார் வர வேண்டும், எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதை அவரே முடிவு செய்கிறார். பிடிக்கவில்லை என்றால் ஆளை மாற்றுகிறார். அங்கே பக்கத்து வீட்டுப் பையன் கிடையாது, டீக்கடையும் கிடையாது. ஆனால் அவருடைய ஆஸ்பத்திரி விவரத்தை யாரும் என்னைப் பார்த்துக் கேட்டதில்லை. நம் ஊர்ப் பாசம் இவ்வளவு இருக்கும்போது இந்த ஒரு மரியாதையும் சேர்ந்திருந்தால் என்ன என்றுதான் என் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தோம். என்ன எழுதுவது என்று நான் சொல்லப் போனேன். "இருக்கா" என்று பேனாவை வாங்கிக்கொண்டான். சாய்தளத்தின் நீளம், மேலே நாற்காலி நிற்கத் தட்டையான இடம், மெஷினின் உயரம், பைக் நிறுத்தத் தடை எல்லாம் எழுதினான். கடைசியாக, காவலாளிகளுக்கு நாற்காலியில் வருபவரிடமே பேசச் சொல்லித் தர வேண்டும் என்றும் சேர்த்தான்.