முகடா, அறையா: ஏரோசால் மாதிரிகளில் துகள் அளவைக் கையாளும் இரு முறைகள்

ஏரோசால் எனப்படும், காற்றில் மிதக்கும் துகள்களின் விட்டம் ஒரு நானோமீட்டரிலிருந்து பத்து மைக்ரோமீட்டர் வரை, அதாவது பத்தாயிரம் மடங்கு வேறுபடுகிறது. இந்த வீச்சை, கணினி தாங்கக்கூடிய சில எண்களுக்குள் அடக்குவதற்கு அளவுப் பரவலைச் சில மணி வடிவ வளைவுகளாகக் கொள்ளும் முகட்டு முறை, அதை அளவுவாரியான துண்டுகளாக வெட்டும் அறை முறை என்ற இரண்டு வழிகள் போட்டியில் உள்ளன. மொத்த நிறையை மட்டும் பார்க்கும் மூன்றாவது வழி மிக வேகமானது. ஆனால் துகள்களின் எண்ணிக்கையைத் தனியே கணக்கிடாததால் அதை இங்கே விட்டுவிடலாம்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் சிமாக் (CMAQ) என்ற காற்றுத்தர மாதிரி முகட்டு முறையைப் பின்பற்றுகிறது. நுண்மை, இடைநிலை, பருமை என்ற மூன்று முகடுகளில் ஒவ்வொன்றும் ஒரு மடக்கை இயல்புப் பரவலாக, அதாவது விட்டத்தின் மடக்கையை வைத்து வரைந்தால் மணி வடிவம் பெறும் வளைவாகக் கொள்ளப்படுகிறது. இத்தகைய மாதிரிகள் பலவற்றில் வளைவின் அகலம் முன்கூட்டியே நிலையாக வைக்கப்படுவதால், ஆவி படிந்து துகள்கள் வளரும்போது உண்மையில் குறுகவேண்டிய பரவல், கணக்கில் குறுகாமலே நகர்கிறது.

வானிலையையும் காற்று வேதியியலையும் சேர்த்துக் கணிக்கும் டபிள்யூஆர்எஃப்-கெம் (WRF-Chem) மாதிரியில் பயன்படும் மொசைக் (MOSAIC) என்ற ஏரோசால் தொகுதி, 39 நானோமீட்டர் முதல் 10 மைக்ரோமீட்டர் வரையுள்ள வீச்சை எட்டு அறைகளாகப் பிரிக்கிறது. அறைகளின் எல்லை ஒன்று சரியாக 2.5 மைக்ரோமீட்டரில் விழுவதால், பிஎம் 2.5, அதாவது 2.5 மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட துகள்களின் நிறை வேண்டுமென்றால் முதல் ஆறு அறைகளைக் கூட்டினால் போதும். முகட்டு முறையிலோ அதே எல்லை வளைவுகளின் குறுக்கே ஓடுவதால், பருமை முகட்டின் வால் எவ்வளவு உள்ளே வருகிறது என்பதைத் தனியே தொகையிட்டுப் பார்க்கவேண்டும்.

இந்த வசதிக்கு விலை உண்டு. ஒவ்வொரு முகட்டிலும் அறையிலும் பத்து வேதிப்பொருள்கள் இருப்பதாகக் கொண்டால், துகள் எண்ணிக்கையையும் சேர்த்து மூன்று முகடுகளுக்கு 33 மாறிகள் போதும். எட்டு அறைகளுக்கு 88 தேவை. அத்தனையையும் மாதிரியின் ஒவ்வொரு வலைக்கட்டத்திலும் ஒவ்வொரு காலப்படியிலும் காற்றோடு நகர்த்தியாக வேண்டும். செலவுக்கு அஞ்சி நான்கு அறைகளோடு நிறுத்துபவர்களும் உண்டு. ஆனால் அப்போது ஓர் அறைக்குள் விட்டம் நான்கு மடங்கும் கனஅளவு 64 மடங்கும் மாறுபடும். துகள் சற்றே வளர்ந்தாலும் அடுத்த அறைக்குத் தள்ளப்பட்டு, பரவல் செயற்கையாக விரிந்துவிடும் அபாயம் இருக்கிறது. அறை முறையைத் தேர்ந்துவிட்டு அறைகளில் சிக்கனம் பார்ப்பதைவிட, முகட்டு முறையோடு இருந்துவிடுவதே மேல் என்பது என் கருத்து.

குளோமேப் (GLOMAP) என்ற உலகளாவிய ஏரோசால் மாதிரிக்கு முகடு, அறை என்ற இரு வடிவங்களும் உண்டு. ஆனாலும் பிரிட்டனின் யுகேஇஎஸ்எம்1 (UKESM1) காலநிலை மாதிரிக்குள் சென்றது முகட்டு வடிவம்தான். நூற்றாண்டுக் கணக்கில் ஓடவேண்டிய மாதிரிக்கு அது நியாயமான தேர்வு. அன்றாட பிஎம் 2.5 முன்கணிப்புக்கும் முகடுகளே போதும். புதிதாகப் பிறந்த துகள்கள் மேகத்துளி உருவாக உதவும் அளவுக்கு, ஏறத்தாழ 50 முதல் 100 நானோமீட்டர் வரை, வளர்கின்றனவா என்பதே கேள்வியானால், மொசைக்கின் கீழ் எல்லையைவிடச் சிறிய துகள்களிலிருந்தே தொடங்கும் நெருக்கமான அறைகள் வேண்டும்.

அங்கும் ஓர் இடைஞ்சல் உண்டு. எந்த மூலத்திலிருந்து எவ்வளவு மாசு வெளியாகிறது என்று கூறும் உமிழ்வுப் பட்டியல்கள் பெரும்பாலும் நிறையை டன் கணக்கில் மட்டுமே தருகின்றன. அந்த நிறையை எந்த அறையில் எவ்வளவு போடுவது என்பதை மாதிரியை இயக்குபவரே ஊகித்துத்தான் நிரப்புகிறார்.