டேபிரேக்: சூடேறும் பூமியை மேசையில் வைத்து ஆடும் விளையாட்டு

எங்கள் பகுதிக் கண்மாய்களைப் பற்றி மாணவர்களுக்காக ஒரு பலகை விளையாட்டு செய்யும் வேலையில் நாங்கள் நான்கு ஆசிரியர்கள் இறங்கியிருக்கிறோம். நல்ல முன்மாதிரி ஒன்று வேண்டும் என்று, அமெரிக்காவிலிருந்து வந்த அக்கா மகனிடம் சொல்லி, காலநிலை மாற்றத்தைத் தடுப்பது பற்றிய பலகை விளையாட்டான டேபிரேக்கை வரவழைத்தேன். 2023-இல் வந்தது. உலகம் முழுக்கப் பரவும் நோய்களைச் சேர்ந்து தடுக்கும் பாண்டமிக் விளையாட்டை உருவாக்கிய மாட் லீகாக்கும் மட்டேயோ மெனப்பாச்சேயும் சேர்ந்து வடிவமைத்தது. 2024-இல், சற்று அனுபவமுள்ளவர்களுக்கான விளையாட்டுக்குத் தரப்படும் ஜெர்மனியின் கென்னர்ஷ்பீல் விருதும் வாங்கியது.

நான்கு பேர் வரை ஆடலாம், ஆளுக்கொரு பகுதி. அமெரிக்கா, ஐரோப்பா, சீனா, மீதி உலகுக்கெல்லாம் சேர்த்து ‘மெஜாரிட்டி வேர்ல்ட்’. ஜெயித்தால் எல்லோரும் ஜெயிக்கிறோம், தோற்றால் எல்லோருக்கும் தோல்வி. வெளியிடுவதைவிட அதிகக் கார்பனை உறிஞ்சும் நிலையை ஆறு சுற்றுக்குள் எட்ட வேண்டும். பூமியின் வெப்ப உயர்வு 2 டிகிரியைத் தொட்டால் ஆட்டம் போச்சு.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது கார்பனைக் கணக்கிடும் கட்டம். எல்லோரும் வெளியிட்ட கார்பனைக் குறிக்கும் கட்டைகளை மரங்களும் கடல்களும் முதலில் எடுத்துக்கொள்ளும். மிச்சம் பூமியின் வெப்பத்தைக் காட்டும் தெர்மாமீட்டரில் ஏறும். வெப்பம் ஏற ஏறப் பகடை உருட்டும் தடவையும் கூடும். அதில் விழும் சில விளைவுகள் மரங்களையே பறித்துவிடும். அடுத்த சுற்றில் உறிஞ்ச ஆளில்லை. இந்தச் சுழலைக் கரும்பலகையில் படம் போட்டு எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். இங்கே பிள்ளைகள் தங்கள் கையாலேயே கட்டையை வைக்கிறார்கள், உடனே புரிந்துகொள்கிறார்கள்.

மின்சாரத் தேவையும் அப்படித்தான். மாற்று ஏற்பாடு இல்லாமல் அனல் மின் நிலையத்தை மூடினால் மக்கள் நெருக்கடியில் விழுவார்கள். “மிஸ், மூடிட்டா கரண்ட்டுக்கு என்ன பண்றது?” என்று ஒரு மாணவி கேட்டாள். அப்புறம் அரை மணி நேரம் நான் வாயே திறக்கவில்லை, அவர்களே பேசிக்கொண்டார்கள்.

பாடம் அட்டையின் வாசகத்தில் இல்லை, ஆட்டத்தின் இயக்கத்தில் இருக்கிறது. கையில் உள்ள ஓர் அட்டையைத் திட்டமாக மேலே வைக்கலாம், வேறு திட்டத்துக்கு வலுசேர்க்க அடியில் செருகலாம், செலவுக்கும் கொடுக்கலாம். ஒவ்வொன்றிலும் க்யூஆர் கோடு உண்டு. அந்தத் தொழில்நுட்பத்தைப் பற்றி மேலும் அறிய விரும்புகிறவர்கள் போனில் படிக்கலாம். மற்றவர்கள் ஆட்டத்தைத் தொடரலாம். கல்வி விளையாட்டு செய்கிற எந்தக் குழுவும் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான். தகவலை அட்டையில் திணித்துவிட்டு விளையாட்டு என்று பெயர் வைக்கும் பெட்டிகள் கடையில் நிறையக் கிடக்கின்றன.

குறைகளும் உண்டு. தத்தம் நாட்டு வேலையை எல்லோரும் ஒரே நேரத்தில் செய்வதால் பாதி ஆட்டம் தலைகுனிந்தே போகிறது. என்ன செய்கிறோம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என ஒரு விதி சேர்த்தேன், சரியாகிவிட்டது. இந்தியாவைத் தனியாகக் காட்டாமல் பல கண்டங்களோடு ஒரே பலகையில் அடக்கியது எனக்கு உறுத்துகிறது. வாசகம் முழுக்க ஆங்கிலம், குறியீடுகளும் ஏராளம். பெட்டியில் 10 வயது என்று இருக்கிறது. நம் வகுப்பறைக்கு ஒன்பதாம் வகுப்புக்கு மேல்தான் சரிவரும். ஒரு பீரியடுக்குள் முடியாது, இரண்டு சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

பெட்டிக்குள் பிளாஸ்டிக் இல்லை, அட்டையும் மரமும்தான். தனியாகவும் ஆடலாம் என்பதால் ஆசிரியர் முதலில் வீட்டில் ஒரு முறை ஆடிப் பார்த்துவிட்டு வகுப்புக்கு எடுத்துப் போவது நல்லது. விலை அதிகம்தான். பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகள் இரண்டு மூன்று சேர்ந்து ஒன்று வாங்கிச் சுற்றுக்கு விடலாம்.