திருமலை வீதித் தையல் கடையும் பலேர்மோக் கல்யாணமும்

மட்டக்களப்பில் திருமலை வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கைக்குள், மாடிப்படிக்குக் கீழே, இரண்டு தையல் இயந்திரமும் ஒரு வெட்டு மேசையும் வைத்துக்கொண்டு ஒருவர் நடத்துகிற கடையைப் பற்றி எழுதுகிறேன். பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்து எழுத்தெல்லாம் போய்விட்டது. எனக்கும் பெயரை எழுத விருப்பமில்லை. குறைகளையும் சொல்லப் போகிறேன். நாளைக்கும் அதே ஒழுங்கையால்தான் நான் சந்தைக்குப் போகவேண்டும்.

கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வெளியே போனால் அரைக்கைச் சேட்டும் நீளக் காற்சட்டையும், வீட்டில் சாரம். அதற்கு மேல் உடுப்பைப் பற்றி யோசித்ததில்லை. தங்கை குடும்பம் இத்தாலியில், சிசிலித் தீவின் பலேர்மோ நகரத்தில் இருக்கிறது. அவளுடைய மகளுக்கு மே மாதம் கல்யாணம், மாப்பிள்ளை அந்த ஊர்ப் பையன். டிக்கெட் எடுத்த மறுநாளே மருமகள் தொலைபேசியில் வந்தாள்.

“மாமா, அரைக் காற்சட்டை கொண்டுவராதீர்கள். சப்பாத்துக்கு வெள்ளைக் காலுறை போடாதீர்கள். பெரிய எழுத்து அச்சடித்த பெனியன் வேண்டவே வேண்டாம். கோட் ஒன்று தையுங்கள், ஆனால் உங்கள் உடம்புக்குத் தையுங்கள். என்ன விலை என்று இங்கே யாரும் கேட்கமாட்டார்கள். தோள் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள்.”

பிறகு மாமியிடம் கொடுக்கச் சொல்லி, கல்யாணத்துக்குக் கத்தரிப்பூ நிறச் சேலை வேண்டாம் என்றாள். கிறிஸ்தவர்களின் நோன்பு நாட்களான தவக்காலத்தின் நிறம் அது. அந்தக் காலத்தில் தவக்காலம் வந்தால் நாடக அரங்குகளை மூடிவிடுவார்களாம், கூத்தாடிகளின் பிழைப்புப் போய்விடும். அதனால் அரங்கங்களில் ஆகாத நிறமாகி, கல்யாணத்திலும் சிலர் முகம் சுளிக்கிறார்களாம். என் மனைவியிடம் இருந்த ஒரே நல்ல பட்டுச்சேலை கத்தரிப்பூ நிறம். அவள் தொலைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில், தவக்காலத்தை ஏற்படுத்தியவனே நான்தான் என்பது போல இருந்தது.

முதலில் ஒரு பெரிய கடையில் ஆயத்தக் கோட் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். தோள் என்னுடையதைவிட இரண்டு அங்குலம் அகலம். கண்ணாடியில் பள்ளிக்கூட நாடகத்தில் துரை வேடம் கட்டியவன் நின்றான். கழற்றிக் கொடுத்துவிட்டு, இருவரும் கல்முனை பஸ் ஏறி மருதமுனைக்குப் போனோம். சாரத்துக்கும் சேலைக்கும் பெயர்போன கைத்தறி ஊர். மனைவிக்குக் கடுகு நிறத்தில் கரும்பச்சைக் கரை வைத்த சேலை கிடைத்தது. எனக்குக் கருநீலப் பருத்தித் துணி, கோட்டுக்கும் ஒரு காற்சட்டைக்கும் போதுமான அளவு. கனமான நெசவு, வெளிச்சத்தில் பிடித்தால் நூல் ஒன்றுக்கொன்று கொஞ்சம் தடித்தும் மெலிந்தும் ஓடுவது தெரியும்.

அந்தத் துணியோடுதான் மாடிப்படிக்குக் கீழே போனேன். கடைக்காரருக்கு எழுபது வயது இருக்கும். அறுபத்தொரு வயதான என்னைத் தம்பி என்று கூப்பிடுகிறவர்கள் இந்த ஊரில் மிச்சமிருப்பது கொஞ்சப் பேர், அவர் ஒருவர். துணியை முகர்ந்து பார்த்தார். கத்திரிக்கோலை எடுக்கவில்லை. “இதை இரவு தண்ணீரில் ஊறப்போட்டு நிழலில் காயவைத்துக் கொண்டுவா தம்பி. சுருங்க வேண்டியது இப்போதே சுருங்கட்டும். தைத்த பிறகு சுருங்கினால் நீ என்னைத்தான் ஏசுவாய்.”

அளவு எடுப்பதில் அவருக்கு நிகர் நான் பார்த்ததில்லை. பதினேழு இடத்தில் எடுத்தார். ஒரு தோள் மற்றதைவிடத் தாழ்ந்திருக்கிறது என்றார். முப்பத்திரண்டு வருடம் கோப்புக் கட்டைத் தூக்கியது எந்தக் கை என்று கேட்டார். அதைக் குறிப்பேட்டில் தனியாக எழுதினார்.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். இரண்டு வாரம் என்றவர் ஒன்பது நாள் பிந்தினார். ஒவ்வொரு முறையும் போகும்போது என் துணி மேசையில் இருக்கும், அதன்மேல் வேறு யாருடையவோ பாடசாலைச் சீருடை இருக்கும். தவணை தொடங்குகிற காலத்தில் அந்தக் கடைக்குப் போகாதீர்கள்.

இரண்டாவது, உட்பை. கோட்டின் உட்புறம் அவர் வைத்தது கைக்குட்டைக்கான பை. கடவுச்சீட்டை வைத்தால் பாதி வெளியே நிற்கிறது. வெளிநாட்டுப் பயணத்துக்கு என்று சொல்லித்தான் தைத்தேன். ரோம் நகரத்துப் பஸ்ஸில் ஒரு கையால் கம்பியையும் மறுகையால் நெஞ்சையும் பிடித்துக்கொண்டு நின்றது இந்தப் பையால்தான்.

மூன்றாவதுக்காகத்தான் நாங்கள் சண்டையே பிடித்தோம். கோட்டைப் போட்டுப் பார்த்தால், கை தோளோடு சேருகிற இடத்தில் சின்னச் சின்னச் சுருக்குகள். சேட்டைப் போல. நான் பார்த்த கோட்டெல்லாம் தோளில் பஞ்சு வைத்து, பலகை போல நேராக இருக்கும். “இது என்ன, கோட்டா, சேட்டா?” என்று கேட்டுவிட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “இந்தத் துணிக்குப் பஞ்சு வைத்தால் தலையணை உறை மாதிரி நிற்கும். உட்துணி போட்டால் நீ வெந்துபோவாய். கை தூக்கிப் பார்.” தூக்கினேன். கோட் என்னோடு சேர்ந்து மேலே ஏறவில்லை, கை மட்டும் போனது. அப்படியிருந்தும் எனக்கு மனம் ஆறவில்லை. “பட்டன் துளையைப் பார். கையால் கட்டியது, ஒவ்வொன்றும் அரை மணித்தியாலம். அதைப் பார்க்கமாட்டாய், சுருக்கைத்தான் பார்ப்பாய்” என்று இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். காசை மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் கடைசியில் பலேர்மோ போய்ச் சேர்ந்தோம். முதல் நாள் காலையில், பழக்கதோஷத்தில், சாரத்தோடும் ரப்பர் செருப்போடும் கீழே இறங்கிப் பாண் வாங்கப் போனேன். கடைக்காரப் பெண் காலை வணக்கம் சொன்னாள், பாண் தந்தாள், ஒரு குறையும் இல்லை. எனக்குப் பின்னால் நின்ற கிழவருக்கு எண்பது வயதாவது இருக்கும். மண்ணிறச் சப்பாத்து மினுங்குகிறது, கழுத்தில் மெல்லிய சால்வை, கோட்டின் மேற்பையில் மடித்த கைக்குட்டை. அவர் வாங்கியது ஒரேயொரு பாண். மேலே வந்தபோது தங்கை வாசலிலேயே நின்றாள். “அண்ணன், இங்கே குப்பை போடப் போவதற்கும் காற்சட்டை போட்டுக்கொண்டுதான் போவார்கள்.” பிறர் கண்ணுக்கு லட்சணமாக இருப்பதை அவர்கள் ‘பெல்லா ஃபிகூரா’ என்கிறார்கள். உடையில் மட்டுமல்ல, பேச்சிலும் விருந்து வைப்பதிலும் அதுதான் கணக்கு. நான் பாண் கடையில் காட்டியது அதன் மறுபக்கம்.

எல்லாரும் அப்படியே என்று நினைத்துவிடவேண்டாம். பல்லாரோச் சந்தையில் மீன் விற்பவர் ரப்பர் பூட்ஸ்தான் போட்டிருக்கிறார். பையன்களுக்கு விளையாட்டுச் சப்பாத்துதான். ஆனால் அந்தச் சப்பாத்தும் துடைத்து வெள்ளையாக இருக்கிறது. மாலையானால் மக்கேதா வீதியில் குடும்பம் குடும்பமாக உலாத்த வருகிறார்கள், கல்லடிப் பாலத்தில் நாங்கள் காற்று வாங்கப் போவது போல. அந்த உலாவுக்கென்றே உடுத்துகிறார்கள். நான் கவனித்த இன்னொன்று, அவர்கள் மாதத்தைப் பார்த்து உடுத்துகிறார்கள், வெயிலைப் பார்த்து அல்ல. நல்ல வெயில் அடித்தாலும் வசந்தம் முடியவில்லை என்றால் கோட்டும் சால்வையும் கழலாது. அரைக் காற்சட்டையோடு திரிந்தவர்கள் வட ஐரோப்பியச் சுற்றுலாக்காரர். எனக்கு எப்படியும் குளிர்தான், ஆகவே கோட்டைக் கழற்றாமல் திரிந்து ஊர்க்காரனாகிவிட்டேன். இந்த விடயத்தில் சிலர் சட்டமே போட்டிருக்கிறார்கள்: சொரெந்தோ நகரத்தில் 2022ஆம் ஆண்டு, நீச்சல் உடையிலோ மேலுடம்பு தெரியவோ தெருவில் நடந்தால் 500 யூரோ வரை தண்டம் என்று நகரபிதா உத்தரவு போட்டார்.

கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது மருமகள் என்னை நிற்கவைத்து மேலும் கீழும் பார்த்தாள். கோட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. காற்சட்டையைக் காட்டினாள். நம் ஊர் வழக்கப்படி நீளமாக விட்டிருந்தார் தையல்காரர், அது சப்பாத்தின்மேல் இரண்டு மடிப்பாகக் குந்தியிருந்தது. அங்கே காற்சட்டை ஓரம் சப்பாத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கவேண்டும். நான்காவது குறை இதுதான். முதலில் சொல்ல மறந்துவிட்டேன்.

அருகில் உடுப்புத் திருத்துகிற கடை ஒன்றுக்குக் கூட்டிப் போனாள். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிய ஒரு வயோதிபர். காற்சட்டை ஓரத்தில் குண்டூசி குத்திக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தபோது என் தோளைப் பார்த்தார். எழுந்து வந்து, இரண்டு விரலால் அந்தச் சுருக்குகளைப் பிடித்துத் தடவினார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. “அதைச் சரிசெய்ய முடியுமா என்று கேள் மகள்” என்றேன். அவள் கேட்க முன்பே அவர் பேசத் தொடங்கிவிட்டார். ‘ஸ்பால்லா கமீச்சா’, ‘நாப்போலி’ என்ற இரண்டு சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது.

மருமகள் சிரித்துக்கொண்டு சொன்னாள். நாப்போலி (நேப்பிள்ஸ்) நகரத்தில் பேர்பெற்ற தையல்காரர்கள் வேண்டுமென்றே இப்படித்தான் வைப்பார்களாம். ‘சேட்டுத் தோள்’ என்று அதற்குப் பெயர். பஞ்சு கிடையாது, உட்துணி குறைவு, கைத்துளை சிறிது, கையின் துணி கூடுதல். அந்தக் கூடுதலைச் சுருக்காகச் சேர்ப்பது. நாப்போலியும் வெயில் ஊர். “எங்கே தைத்தது என்று கேட்கிறார் மாமா.” நான் மட்டக்களப்பு என்றேன். அவர் அந்தப் பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார், இரண்டு முறையும் ‘பு’ அவருக்கு வரவில்லை.

ஓரம் மடித்ததற்குப் பத்து யூரோ. நம் காசுக்கு மூவாயிரத்துக்கு மேல். முழுக் காற்சட்டையையும் தைக்க நம் ஊர்த் தையல்காரர் வாங்கியது இரண்டாயிரத்து ஐந்நூறு.

கல்யாணத்தில் என்னை யாரும் பார்க்கவில்லை, எல்லாருடைய கண்ணும் கடுகு நிறச் சேலையில்தான். மாப்பிள்ளையின் பெரியம்மா கரையைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை தங்கை எங்களைப் பெல்லெக்ரீனோ மலைக்குக் கூட்டிப் போயிருந்தாள். 1624இல் வந்த கொள்ளைநோயிலிருந்து நகரத்தைக் காப்பாற்றினாள் என்று நம்பப்படுகிற புனித ரொசாலியாவின் குகைக்கோயில் அங்கே இருக்கிறது. பலேர்மோத் தமிழர், சைவர்களும்தான், நேர்த்தி வைத்து வெறுங்காலோடு மலை ஏறுகிறார்கள். சப்பாத்தைப் பற்றி யாரும் கவலைப்படாத ஒரே இடம் அதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நினைப்புக்குப் பலன் ரோமில் கிடைத்தது. கல்யாணம் முடிந்து மூன்று நாள் அங்கே நின்றோம். பத்து வருடம் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்த என் கச்சேரிச் சப்பாத்து, கருங்கல் பதித்த தெருவில் நடக்க நடக்க அடி உதிரத் தொடங்கியது. பிட்டு மாவைப் போலக் கொட்டியது. நம் ஊர்ப் புழுக்கத்தில் செயற்கை அடி உள்ளுக்குள்ளே கெட்டுவிடும். பாவிக்காமல் வைத்தாலும் அது தப்பாது. அறுபது யூரோ கொடுத்துப் புதியது வாங்கவேண்டியதாயிற்று. பயணம் போகிறவர்கள் பழைய சப்பாத்தைப் போட்டு இங்கேயே ஒரு வாரம் நடந்து பாருங்கள். புனித பேதுரு பேராலயத்தில் தோளும் முழங்காலும் மூடியிருக்கவேண்டும். எங்களுக்கு முன்னால் அரைக் காற்சட்டையோடு வரிசையில் ஒன்றரை மணித்தியாலம் நின்ற இளைஞனைத் திருப்பி அனுப்பினார்கள். மனைவி சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு அரசி போல உள்ளே போனாள்.

இனிக் கணக்கு. கோட் தைக்கக் கூலி பன்னிரண்டாயிரம், காற்சட்டைக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு, துணி நம்முடையது. ஐந்துக்கு நான்கு கொடுப்பேன், பிந்தாமல் தந்திருந்தால் நாலரை. போகிறவர்கள் காற்சட்டை நீளத்தைச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நின்று குறித்துக்கொடுங்கள். கடவுச்சீட்டைக் கையில் கொண்டுபோய் அந்த அளவுக்குப் பை கேளுங்கள். சொன்ன நாளோடு இரண்டு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள். தோளைப் பற்றி மட்டும் வாய் திறக்காதீர்கள்.

ஊருக்கு வந்த மறுநாள் ஒரு பெட்டி இத்தாலிச் சொக்கலேட்டோடு கடைக்குப் போனேன். கிழவர் தோளைத் தடவியதையும் நாப்போலிக் கதையையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் ஒரு காற்சட்டையின் ஓரத்தைப் பல்லால் நூல் அறுத்து முடிக்கும் வரை பேசவில்லை.

“அந்த ஆள் தோளைப் பார்த்தது சரி. பட்டன் துளையைப் பார்த்தாரா?”

பார்த்ததாகச் சொன்னேன்.