மாமல்லபுரம்: கூட்டம் போகும் பக்கமா, போகாத பக்கமா?

ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் போகிறவர்களுக்கு வழி மனப்பாடம். கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், வெண்ணெய் உருண்டைப் பாறை, அப்புறம் பொரித்த மீன். நானும் பல வருடம் அப்படித்தான் போய் வந்தேன். இப்போது யாராவது கேட்டால் வேறு வழி சொல்கிறேன்.

முதலில் ரதங்கள். ஐந்து ரதம் அழகு. குடிசைக் கூரையை அப்படியே கல்லில் வடித்த திரௌபதி ரதத்துக்காகவே போகலாம். ஆனால் ஊருக்கு மேற்கே பிடாரி ரதங்கள் இரண்டும் வலையன்குட்டை ரதம் ஒன்றும் நிற்கின்றன. மூன்றுமே பாதியில் நின்ற வேலை. மேலே விமானமும் கூடு எனப்படும் வளைவு அலங்காரங்களும் உருவாகிவிட்டன. கீழே வெறும் பாறை. கல்தச்சர்கள் உச்சியில் தொடங்கிக் கீழே இறங்கி வந்தார்கள் என்பதை இங்கே யாரும் விளக்க வேண்டியதில்லை. கிட்டப் போனால் உளிக்கொத்துகள் அம்மைத் தழும்பு மாதிரி தெரியும். விரலை வைத்துப் பார்த்தேன், எடுக்க மனம் வரவில்லை. ஐந்து ரதங்களிலும் முடியாத இடங்கள் உண்டுதான். அந்தக் கூட்டத்தில் நின்று பார்க்க விடுவார்களா?

அடுத்தது கடற்கரைக் கோயிலா, சாளுவன்குப்பமா? பல்லவ மன்னன் ராஜசிம்மன் கட்டிய கடற்கரைக் கோயிலைக் காலமெல்லாம் உப்புக்காற்று தின்றிருக்கிறது. சிற்பங்களின் முகம் மழுங்கிவிட்டது. ஒரு முறையாவது பார்த்தே ஆகவேண்டும். இரண்டாம் முறை வருகிறவர்களுக்கு என் பரிந்துரை, வடக்கே ஐந்து கிலோமீட்டர் தள்ளி, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய சாளுவன்குப்பம். அங்கே இருப்பதன் பெயர் புலிக்குகை, குகையும் இல்லை, புலியும் இல்லை. ஒரே பாறையில் நடுவில் மாடம், சுற்றிலும் வாயைப் பிளந்த யாளித் தலைகள். பக்கத்திலேயே பாறையைக் குடைந்து செய்த கோயில், அதிரணசண்ட குடைவரை. அதன் பக்கச் சுவர்களில் ஒரே வடமொழிக் கல்வெட்டை ஒருபுறம் கிரந்த எழுத்திலும் மறுபுறம் நாகரி எழுத்திலும் வெட்டியிருக்கிறார்கள்.

என்னை அதிகம் கட்டிப்போட்டது அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் வரும் முருகன் கோயில். 2004 சுனாமி மணலை அரித்துப்போன பிறகு பாறையில் ஒரு கல்வெட்டு வெளிப்பட்டது. ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் காலத்தது. திருவிழிச்சில் என்ற ஊரின் சுப்பிரமணியர் கோயிலைப் பற்றிப் பேசியது. அப்படி ஒரு கோயில் கண்ணில் படவே இல்லை. 2005-இல் தோண்டினார்கள், மணலுக்கடியில் இருந்தது. மேலே பல்லவர் காலக் கட்டுமானம், அதற்கும் கீழே செங்கல் கோயில். செங்கல் பகுதி சங்க காலத்தது என்பது தொல்லியலாளர்கள் கருத்து. முன்னால் ஒரு கல் வேல் நிற்கிறது. எத்தனையோ பேரைப் பறித்துக்கொண்ட கடல் இதைக் காட்டிக் கொடுத்திருக்கிறது. அந்த நினைப்போடு நிற்கும்போது பேச்சு வராது.

அருச்சுனன் தபசு என்ற பெரிய பாறைச் சிற்பத்துக்கு மட்டும் போட்டியே கிடையாது. அதற்கு இடத்தை மாற்ற முடியாது, நேரத்தை மாற்றலாம். சாலையோரத்திலேயே இருக்கிறது, கிழக்குப் பார்த்த பாறை. விடிந்ததும் போனால் வெயில் நேராக விழும், ஆளும் இருக்காது. பின்னங்காலில் நின்று தவம் செய்யும் பூனையையும் அதன் காலடி எலிகளையும் பொறுமையாகத் தேடலாம். டீ குடித்துவிட்டு வெயில் ஏறுவதற்குள் சாளுவன்குப்பம் போய்விடுங்கள்.  பிடாரி ரதங்களைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.