மார்பக இம்ப்ளான்ட்: வெட்டு எந்த இடத்தில் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்

சென்னையில் மார்பக இம்ப்ளான்ட், அதாவது மார்பைப் பெரிதாக்க உள்ளே வைக்கும் பை, வைத்துக்கொள்ள யோசிக்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். இதெல்லாம் தேவையா என்று கேட்பவர்களுக்கு இங்கே பதில் இல்லை. முடிவு எடுத்துவிட்டவர்கள் என்னைப் போல ஏமாறாமல் இருந்தால் போதும்.

நடந்தது இதுதான். நான் போன கிளினிக்கில் அக்குள் வழியாகச் செய்வதாகப் பேசி, அதற்கென்று தனியாகப் பணமும் வாங்கினார்கள். நான் மயக்கத்தில் இருந்தபோது, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் ஓரத்தை வெட்டி இம்ப்ளான்ட்டை வைத்துவிட்டார்கள். எது வேண்டாம் என்று நான் முதல் சந்திப்பிலேயே சொன்னேனோ அதே வழி.

எனக்கு இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் உண்டு. பால் கொடுக்க வேண்டும். கருவட்டத்தில் வெட்டினால் பால் குழாய்களுக்கு மிக அருகில், சில சமயம் அவற்றைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். தாய்ப்பால் கொடுப்பதில் சிரமம் வரலாம் என்று இம்ப்ளான்ட் நிறுவனங்களே நோயாளிகளுக்கான கையேட்டில் எச்சரிக்கின்றன. இதைப் படித்துவிட்டுத்தான் போனேன். "அப்படியானால் அடுத்த குழந்தை பிறந்த பிறகு யோசியுங்களேன்" என்று அங்கே ஒருவர்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கு அட்வான்ஸ் வராதே.

அங்கே முதலில் டாக்டரைப் பார்க்க முடியாது. கவுன்சலர் என்று ஒரு பெண் உட்கார்ந்திருப்பார். மருத்துவம் படித்தவர் இல்லை, ஆனால் டேப்லெட்டில் படம் காட்டிப் பேசுவதில் கெட்டிக்காரர். "தழும்பே இல்லாம பண்ணலாம் மேடம், இப்ப எல்லாரும் அக்குள் வழிதான்." இந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு பொய். தோலை வெட்டினால் தழும்பு உண்டு, அதை ஒளித்து வைக்கலாம், அவ்வளவுதான். நம்மைப் போன்ற மாநிறம், கறுப்பு நிறத் தோலில் தழும்பு தடித்து கீலாய்டாக மாறும் வாய்ப்பும் கூடுதல். அடுத்து, உலகம் முழுக்க அதிகம் செய்யப்படுவது அக்குள் வழி இல்லை. மார்புக்குக் கீழே உள்ள மடிப்பில் வெட்டுவதுதான்.

அந்த மடிப்பு வழியைப் பற்றி அவர் கடைசிவரை வாயே திறக்கவில்லை. பிறகு நான் போய்ப் பார்த்த இன்னொரு பிளாஸ்டிக் சர்ஜன் விளக்கிய பிறகுதான் காரணம் புரிந்தது. நாலைந்து சென்டிமீட்டர் வெட்டு. டாக்டர் உள்ளே நேராகப் பார்த்து வேலை செய்யலாம், கேமரா வேண்டாம். தழும்பு மடிப்புக்குள் போய்விடும், படுத்தால் தெரியும், நின்றால் பெரும்பாலும் தெரியாது. முக்கியமாக, இம்ப்ளான்ட் ஆயுசுக்கும் வருகிற பொருள் இல்லை. என்றைக்காவது மாற்றவோ எடுக்கவோ வேண்டிவந்தால் அதே தழும்பைத் திறந்தே செய்துகொள்ளலாம். இதில் கூடுதலாகக் கட்டணம் போட எதுவும் இல்லை. அக்குள் வழி என்றால் எண்டோஸ்கோப், அதாவது உள்ளே விட்டுப் பார்க்கும் கேமரா, என்று பில்லில் ஒரு வரி சேர்க்கலாம். என் பில்லில் அந்த வரிக்கு 70,000 ரூபாய்.

அக்குள் வழி மோசம் என்று சொல்லவில்லை. மார்பில் தழும்பே விழாது, அதற்காகவே நானும் சம்மதித்தேன். ஆனால் கையின் உள்பக்கம் மரத்துப்போகலாம், இம்ப்ளான்ட் கொஞ்சம் மேலேறி உட்காரலாம், கையில்லாத ரவிக்கை போட்டால் தழும்பு தெரியலாம், திரும்ப அறுவை சிகிச்சை என்று வந்தால் பெரும்பாலும் வேறு இடத்தில் வெட்ட வேண்டியிருக்கும். இதையெல்லாம் சொல்லிவிட்டு விற்றால் அது நேர்மை. தொப்புள் வழியாகவும் ஒன்று இருக்கிறது. காலிப் பையாகச் சுருட்டி உள்ளே கொண்டுபோய் அப்புறம் உப்புநீர் நிரப்புகிற வகைக்கு மட்டும்தான் அது ஆகும். சிலிக்கான் ஜெல் இம்ப்ளான்ட்டைத் தொப்புள் வழியாக வைக்கிறோம் என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

அறுவை சிகிச்சை அன்று நான் உள்ளே போன பிறகு என் வீட்டுக்காரரைத் தியேட்டர் வாசலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். "எண்டோஸ்கோப் கேமரா வேலை செய்யல சார், மயக்கம் குடுத்தாச்சு, சின்ன மாற்றம்தான், இங்க ஒரு கையெழுத்து." மனைவி உள்ளே மயக்கத்தில் படுத்திருக்கும்போது நீட்டப்படும் காகிதத்தில் யார்தான் கையெழுத்துப் போடமாட்டார்கள்? எந்த இடத்தில் வெட்டப்போகிறோம் என்று அவரிடம் சொல்லவே இல்லை. நான் கையெழுத்திட்ட படிவத்தில் அந்த இடம் காலியாக இருந்தது. கேட்டதற்கு "டாக்டர் நிரப்பிக்குவார்" என்றார்கள். நிரப்பியும் இருக்கிறார்கள், வேறு மையில்: டாக்டரின் விருப்பப்படி என்று.

கட்டுப் பிரிக்கும்போது நர்ஸ் பெண்தான், "அக்கா, தையல் இங்க இருக்கு, அக்குள்ல இல்லையே" என்றாள். பாவம், அவளுக்கும் தெரியாது. விளக்கம் கேட்டுப் போனபோது கவுன்சலர் சொன்ன பதிலை இன்றைக்கும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை: "உங்க அக்குள்ல தழும்பு வராம காப்பாத்தியிருக்கோம் மேடம்."

இப்போது ஒரு பக்கம் காம்பில் உணர்ச்சி சரியாகத் திரும்பவில்லை. மாதங்கள் போனால் வரலாம், வராமலும் போகலாம். இரண்டாவதாகப் பார்த்த சர்ஜன், அரசு மருத்துவமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர், ஸ்கேலை வைத்து அளந்துவிட்டு, "ஏம்மா, இந்த அளவு வட்டத்துல ஜெல் இம்ப்ளான்ட்டை யாரும்மா திணிச்சது?" என்றார். வட்டத்தின் விட்டம் மூன்றரை, நான்கு சென்டிமீட்டராவது இருந்தால்தான் அந்த வழியையே யோசிப்பார்களாம். பால் குழாய்களில் இயல்பாகவே கிருமிகள் உண்டு. அவை இம்ப்ளான்ட்டில் ஒட்டிக்கொண்டால், அதைச் சுற்றி உடம்பு போடும் உறை இறுகிக் கல்லாகிவிடும் ஆபத்து கூடும். அதனாலேயே பல சர்ஜன்கள் கருவட்ட வழியைத் தவிர்க்கிறார்கள் என்றும் சொன்னார். அடுத்த குழந்தையைப் பற்றிக் கேட்டேன். பால் வரலாம், குறையலாம், பிறந்த பிறகுதான் தெரியும் என்றார்.

காகிதங்களைக் கேட்டால் முதலில் தரமாட்டேன் என்றார்கள். எழுதிக் கொடுத்துக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தந்தாக வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. அதைக் குறிப்பிட்டு எழுதியதும் வந்தது. அறுவை சிகிச்சைக் குறிப்பில் இருந்த பெயர் நான் சந்தித்துப் பேசிய டாக்டருடையது இல்லை! அந்தப் பெயரை மருத்துவ கவுன்சில் பதிவேட்டில் தேடிப் பார்த்தேன், பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். என்ற சிறப்பு மேல்படிப்புப் பட்டம் எதுவும் இல்லை. பணம் கட்டும் முன்பே உங்களாலும் இப்படித் தேட முடியும், பத்து நிமிட வேலை.

இம்ப்ளான்ட் பெட்டியில் வரிசை எண்ணுடன் ஸ்டிக்கர் வரும், அது ஒட்டிய அட்டை உங்கள் கைக்கு வர வேண்டும். எனக்குத் தரவில்லை, சண்டை போட்டு வாங்கினேன். பிரான்ஸில் பிஐபி என்ற நிறுவனம் தொழிற்சாலைத் தரத்துச் சிலிக்கானை நிரப்பி விற்றது 2010-ல் அம்பலமானது. 2019-ல் அலர்கன் நிறுவனம் சொரசொரப்பான மேற்பரப்பு கொண்ட தன் பயோசெல் வகையை, ஒருவகை அரிய புற்றுநோய்த் தொடர்பால் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. அந்த மாதிரிச் செய்தி வரும் நாளில் நம் உடம்பில் இருப்பது எது என்று அந்த அட்டைதான் சொல்லும்.

பில் விஷயம். அழகுக்காகச் செய்யும் அறுவை சிகிச்சைக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. "பாதியைக் கேஷா குடுத்துடுங்க, வரி மிச்சம்" என்றார்கள். நான் முழு பில் கேட்டேன். எண்டோஸ்கோப் கட்டணம் என்று அவர்களே அச்சடித்துக் கொடுத்த அந்த வரிதான் இன்றைக்கு என் கையில் இருக்கும் பலமான ஆதாரம். வேலை செய்யாத கருவிக்குப் பணம்!

அந்தப் பணத்தை மட்டும் திருப்பித் தருகிறோம், இனிப் புகார் இல்லை என்று எழுதிக் கொடுங்கள் என்றார்கள். மறுத்துவிட்டேன். வக்கீல் 2008-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றைக் காட்டினார். டெல்லியில் பரிசோதனைக்காக மயக்கம் கொடுக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு, வெளியே இருந்த தாயின் சம்மதத்தை வாங்கிக்கொண்டு கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தான அவசரம் இல்லாதபோது, சுயநினைவோடு முடிவெடுக்கக்கூடிய பெண்ணுக்குப் பதிலாக வேறொருவர் தரும் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். கேமரா கெட்டுப்போனது என்ன உயிர் போகும் அவசரமா? என்னை எழுப்பி வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். மாநில மருத்துவ கவுன்சிலிலும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் கொடுத்திருக்கிறேன், இரண்டும் நடந்துகொண்டிருக்கின்றன. நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 வருடம்தான் அவகாசம், சமாதானம் பேசியே அதைக் கரைத்துவிடப் பார்ப்பார்கள்.

போகிறவர்கள் சம்மதப் படிவத்தில் வெட்டும் இடத்தையும் வெட்டப்போகும் டாக்டரின் பெயரையும் எழுதவைத்து, அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள். அதன் கீழே உங்கள் கையாலேயே ஒரு வரி சேருங்கள்: "இந்த வழியில் முடியாவிட்டால் வேறு எதுவும் செய்யாமல் என்னை எழுப்பிவிடவும்." முகம் சுளித்தால் வேறு இடம் பாருங்கள். கூட வருபவரிடமும் அந்தப் பக்கத்தின் நகல் ஒன்று இருக்கட்டும்.

ஏற்கெனவே செய்துகொண்டு அட்டையோ குறிப்போ இல்லாமல் இருப்பவர்கள் இந்த வாரமே எழுதிக் கேளுங்கள். சிகிச்சை தொடங்கியதிலிருந்து 3 வருடத்துக்கு மட்டும்தான் அவர்கள் பதிவுகளை வைத்திருக்க வேண்டிய கட்டாயம்.