அண்ணாவின் பிளேன்ரீயும் ஒரு ரின் தூளும்

வெள்ளவத்தை காலி வீதிப் பாமசி ஒன்றில் வாங்கும் சாந்தன் கம் தூள் இது. ரீ, தண்ணீர், சூப் எல்லாவற்றையும் தடிப்பாக்கும், தடித்தால் மெதுவாக இறங்கும், புரையேறுவது குறையும். நான்கு மாதமாகப் பாவிக்கிறோம். ஒரு ரின் ஒரு கிழமைக்குக் காணாது, விலையும் கையைக் கடிக்கிறது.

அண்ணாவுக்கு 43 வயது, டவுன் சின்ட்ரோம். போன வருடம் இரண்டு தடவை நியூமோனியா. இரண்டாவது தடவை காய்ச்சலே இல்லை. சாப்பாட்டைத் தள்ளிவிட்டுப் படுத்தே கிடந்தார், மூச்சு மட்டும் வேகம். நெஞ்சு நோகிறது என்று அவருக்குச் சொல்லத் தெரியாது. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடிப்பக்கம் வெள்ளை. ரீ குடிக்கும்போது புரையேறுகிறதே, அதுதான் அங்கே இறங்குகிறது என்றார் டொக்டர். நாங்களோ யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லி வருடக்கணக்காகத் தலையில் தட்டிக்கொண்டிருந்தோம்.

ஸ்பீச் தெரபிஸ்ட் அண்ணாவைக் குடிக்கவைத்துப் பார்த்துவிட்டு லெவல் 2 தடிப்பு, அதாவது குடிபானத் தடிப்புக்கான சர்வதேச அளவுகோலில் இலேசான தடிப்பு, என்று எழுதித் தந்தார். முதலில் மலிவு என்று சோளமாத் தூள் வாங்கினேன். பாதி ரீ முடிவதற்குள் தண்ணீராகிவிட்டது. எச்சில் பட்டால் மா கரையுமாம், அண்ணா குவளைக்குள்ளேயே எச்சிலை விடுகிறவர். சாந்தன் கம்மில் அந்தத் தொல்லை இல்லை. நிறமும் மாறவில்லை, அது மாறினால் அவர் தொடவே மாட்டார்.

குறை என்றால் முதலில் லேபிள். பால் ரீ தடிக்கக் கூடுதல் நேரம் எடுக்கும் என்று ஒரு வரி இல்லை. அவசரப்பட்டு இன்னொரு கரண்டி போட்டால் கொஞ்ச நேரத்தில் களி. அதனால் கரண்டிக் கணக்கை நம்பாமல் 10 மில்லி சிரிஞ்சில் பார்க்கிறேன். அதில் 10 மில்லி வரைக்குமான கோடுகள் 61.5 மில்லிமீட்டர் நீளம் இருக்க வேண்டும், மகளின் அடிமட்டத்தால் அளந்துதான் வாங்கினேன். தண்டைக் கழற்றி, நுனியை விரலால் பொத்தி, 10 மில்லி ஊற்றி, 10 செக்கன் ஒழுகவிட்டுத் திரும்பப் பொத்த வேண்டும். 4க்கும் 8க்கும் இடையில் மிஞ்சினால் லெவல் 2.

அடுத்தது மூடி. சின்னப்பிள்ளையும் திறந்துவிடும். இங்கிலாந்தில் பராமரிப்பு இல்லம் ஒன்றில் கைக்கெட்டிய தூளை அப்படியே விழுங்கிய ஒருவர் இறந்துபோக, 2015இல் அங்குள்ள சுகாதார சேவை எச்சரிக்கை விட்டது. எங்கள் ரின் அலுமாரிக்கு மேலே, சாமிப்படத்துக்குப் பின்னால்.

ஐந்துக்கு மூன்றரை. நெஞ்சு சுகமாக இருப்பதற்கான புள்ளி முழுவதையும் இந்த ரின்னுக்கே கொடுக்க மனமில்லை. நிமிர்த்தி இருத்திக் குடிக்கக் கொடுப்பது, பிறகு அரை மணித்தியாலம் படுக்கவிடாதது, ஃபுளூ ஊசி எல்லாம் இருக்கிறது. ராத்திரிப் பல் தீட்டல்தான் பெரிய போராட்டம். வாயில் உள்ள கிருமி எச்சிலோடு நெஞ்சுக்குள் போகாமல் இருக்க வேண்டுமே.

அப்புறம், தெரபிஸ்ட் பார்க்காமல் வாங்கிவிடாதீர்கள். தடிப்புக் கூடினால் குடிப்பதே குறைந்துவிடும். போன கிழமை களியாகிப்போன ரீயை அண்ணா சிங்கில் ஊற்றிவிட்டு, வெறும் குவளையை என்னிடம் நீட்டினார்.