பெர்ஃப்: பேக்கப் சர்வரின் சிபியு எங்கே கரைகிறது என்று காட்டிய கருவி

லினக்ஸ் கணினியில் என்னென்ன ஓடுகின்றன என்று காட்டும் டாப் கட்டளையின் மேற்பகுதியில் உள்ள சிபியு வரியில், நிரல்கள் தம் சொந்த வேலைக்குச் செலவிடும் நேரத்தை ‘யுஎஸ்’ என்ற எண்ணும், அந்நிரல்களின் பொருட்டு இயங்குதளத்தின் மையப்பகுதியான கர்னல் செலவிடும் நேரத்தை ‘எஸ்ஒய்’ என்ற எண்ணும், வட்டுக்காகக் காத்துக்கிடக்கும் நேரத்தை ‘டபிள்யுஏ’ என்ற எண்ணும் சொல்கின்றன. பேக்கப் சர்வரின் வேலையே வட்டில் எழுதுவதுதான் என்பதால், அதில் மூன்றாவது எண் உயர்ந்திருந்தால் யாரும் வியப்படைய மாட்டார்கள். நான் பராமரித்துவந்த ஒரு சர்வரிலோ ‘டபிள்யுஏ’ ஏறக்குறைய சுழியமாகவும் ‘எஸ்ஒய்’ எழுபது சதவீதத்துக்கு மேலும் நின்றன. விடிவதற்குள் முடிய வேண்டிய பேக்கப் நண்பகல் வரை இழுத்தது. அதன் காரணத்தைத் தேடிய நாட்களில்தான் பெர்ஃப் என்ற கருவியை முறையாகப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டேன். அதைப் பற்றிய என் மதிப்பீடு இது.

முதலில் கையிலெடுத்த கருவிகள் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒரு கட்டத்துக்கு மேல் அவற்றால் எதையும் சொல்ல முடியவில்லை. கோப்புகளைப் பிரதியெடுக்கும் ஆர்சிங்க் நிரல்கள் ஒவ்வொன்றும் சிபியுவின் ஒரு கோர் முழுவதையும் விழுங்குவதாக டாப் காட்டியது. எச்டாப் திரையின் பட்டைகள், கர்னல் நேரத்துக்கு உரிய சிவப்பு நிறத்தால் நிறைந்திருந்தன. வட்டுகள் ஓய்வாகவே இருப்பதாக ஐஓஸ்டாட் சொன்னது. ஒரு நிரல் கர்னலிடம் கேட்பவற்றைப் பதியும் எஸ்ட்ரேஸ் கொண்டு ஓர் ஆர்சிங்கைப் பின்தொடர்ந்தபோது கர்னல் அழைப்புகளின் நீண்ட பட்டியல் கிடைத்தது; ஆனால் கர்னலுக்குள் நுழைந்த பிறகு என்ன நடக்கிறது என்பது எஸ்ட்ரேஸின் பார்வைக்கு எட்டாதது. மேலும், அது ஒவ்வோர் அழைப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் நிரலை நிறுத்திவைப்பதால், ஏற்கெனவே தவழ்ந்துகொண்டிருந்த பேக்கப் இன்னும் மந்தமானது.

பெர்ஃப் வேலை செய்யும் முறை வேறு. அது எந்த நிரலையும் நிறுத்தி விசாரிப்பதில்லை. குறிப்பிட்ட கால இடைவெளியில் ஒவ்வொரு சிபியுவையும் எட்டிப் பார்த்து, அந்தக் கணத்தில் எந்தச் சார்பு (நிரலுக்குள் ஒரு வேலையைச் செய்யும் பகுதி) ஓடிக்கொண்டிருக்கிறது என்று குறித்துக்கொள்கிறது. ஆயிரக்கணக்கான குறிப்புகள் சேர்ந்ததும், அதிகமாகத் தென்பட்ட சார்பே அதிக நேரத்தை எடுத்துக்கொள்கிறது என்பது தெளிவாகிவிடும். 2009-இல் லினக்ஸ் 2.6.31 உடன் வந்த இந்தக் கருவி கர்னலின் மூலநிரலுக்குள்ளேயே இருந்து வளர்வதால், கர்னலின் உட்புறத்தை ஒரு வெளியாள் போல அல்லாமல் வீட்டாள் போல அறிந்திருக்கிறது.

முழு உரிமை கொண்ட ரூட் பயனராக ‘பெர்ஃப் டாப்’ கட்டளையை இயக்கியதும், பட்டியலின் முதல் வரிகளில் ‘ஐசொலேட் ஃப்ரீபேஜஸ் பிளாக்’ என்ற கர்னல் சார்பும் ஸ்பின் லாக் என்ற கர்னல் பூட்டைச் சார்ந்த ஒன்றும் நின்றன. கோப்புகளோடு தொடர்புடைய எதுவும் மேலே இல்லை என்பதே எனக்குக் கிடைத்த முதல் துப்பு. பிறகு, யார் அழைத்து இந்தச் சார்புகள் ஓடுகின்றன என்று அறிய, அழைப்புத் தொடரையும் சேர்த்துப் பதியச் சொல்லி ‘பெர்ஃப் ரெக்கார்ட்’ கட்டளையை எல்லா சிபியுக்கள் மீதும் முப்பது விநாடி ஓடவிட்டு, ‘பெர்ஃப் ரிப்போர்ட்’ காட்டிய கிளைகளை ஒவ்வொன்றாக விரித்தேன். ஆர்சிங்க் புதிய நினைவகத்தை முதன்முறை தொடுகிறது. கர்னல் அதற்கு, நினைவகத்தின் வழக்கமான துண்டான 4 கிலோபைட் பக்கத்துக்குப் பதிலாக 2 மெகாபைட் பெரும்பக்கம் ஒன்றைக் கொடுக்க முயல்கிறது. அடுத்தடுத்து அமைந்த 512 காலிப் பக்கங்கள் கிடைக்காததால் பயன்பாட்டில் உள்ள பக்கங்களை நகர்த்தி இடம் பண்ணும் வேலையில் இறங்குகிறது. அழிந்துகொண்டிருந்த நேரம் முழுவதும் அந்தக் கடைசிப் படியில்தான் இருந்தது.

பேக்கப் சர்வரில் இது நேர்வதற்குக் காரணம் உண்டு. ஒவ்வோர் இரவும், ஒரே கோப்புக்கு இன்னொரு பெயர் தரும் ஹார்ட் லிங்க் வழியாகப் பிரதிகள் எடுக்கும்போது லட்சக்கணக்கான கோப்புகளின் பெயர்களையும் அவற்றின் விவரங்களைத் தாங்கும் ஐநோடுகளையும் கர்னல் தொட வேண்டியிருக்கிறது. அவற்றை நினைவில் வைத்துக்கொள்ளும் ஸ்லாப் பக்கங்கள் நினைவகம் முழுவதும் சிதறிக் கிடக்கும். சாதாரணக் கோப்புப் பக்கங்களைப் போல இவற்றை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்த முடியாது. நகராத கற்கள் நடுநடுவே கிடக்கும் நிலத்தில் பெரிய பாத்தி கட்ட முயல்வது போல, பல ஆர்சிங்குகள் ஒரே நேரத்தில் இடம் தேடி, ஒரே பூட்டுக்காக மோதிக்கொண்டன. சர்வரை மறுதொடக்கம் செய்தால் சில நாட்கள் நன்றாக ஓடிப் பின் மறுபடியும் படுத்துவிடும் என்ற பழைய புதிருக்கும் அப்போதுதான் விடை கிடைத்தது. காலி நினைவகத் துண்டுகளை அளவுவாரியாக எண்ணிக் காட்டும், ப்ராக் கோப்பகத்தில் உள்ள படிஇன்ஃபோ கோப்பைத் திறந்தபோது, சிறு துண்டுகளுக்கான பத்திகள் நிறைந்தும் பெருந்துண்டுகளுக்கான கடைசிப் பத்திகள் சுழியமாகவும் இருந்தது அதை உறுதிசெய்தது.

அந்தச் சர்வரில் 3-ஆம் வரிசைக் கர்னல் ஓடியது. பெரும்பக்கங்களுக்கான அமைப்பில், இப்படி இடம் பண்ணலாமா என்பதைத் தீர்மானிக்கும் ‘டிஃப்ராக்’ கோப்பின் மதிப்பை ‘நெவர்’ (ஒருபோதும் வேண்டாம்) என்று மாற்றியதும், அன்றிரவே ‘எஸ்ஒய்’ ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. கர்னல் 4.6-இலிருந்து இதன் இயல்பு மதிப்பே, கேட்கும் நிரல்களுக்கு மட்டும் இடம் பண்ணும்படி மாற்றப்பட்டுவிட்டது. ஆகவே புதிய சர்வர்களில் இதே நோய் இதே வடிவில் வருவது அரிது. ஆனால் ‘எஸ்ஒய்’ உயர்வதற்கு வேறு நூறு காரணங்கள் இருக்கின்றன. அவற்றைத் தேடும் வழி இதுவேதான்.

இவ்வளவு உதவிய கருவியிடம் எனக்குக் குறைகளும் உண்டு. முதற்குறை, அது காட்டும் பெயர்கள். சார்பின் பெயரைச் சொல்வதோடு பெர்ஃபின் வேலை முடிந்துவிடுகிறது. அந்தப் பெயர் நினைவக மேலாண்மையைச் சேர்ந்தது என்று உணர, கர்னலைப் பற்றிக் கொஞ்சமாவது படித்திருக்க வேண்டும். அதன் கையேடு, ஏற்கெனவே அறிந்தவருக்கு நினைவூட்டும் நடையில் எழுதப்பட்டிருக்கிறதே தவிர, புதியவருக்குக் கைகொடுப்பதாக இல்லை. பதிவுகளைத் தீச்சுவாலை போன்ற படமாக மாற்றும் கணினிச் செயல்திறன் வல்லுநர் பிரெண்டன் கிரெக்கின் ஃபிளேம் கிராஃப் நிரல்களைச் சேர்த்துக்கொண்டால் இந்தச் சுமை பெருமளவு குறைகிறது. நான் இப்போது பட்டியலுக்கு முன் படத்தைத்தான் பார்க்கிறேன்.

இதைவிடக் கவலைக்குரியது, ஒரு கணினிக்குள் மென்பொருளால் அமைக்கப்படும் மெய்நிகர் கணினிகளில் அது நடந்துகொள்ளும் விதம். சிபியுவின் செயல்களை எண்ணும் வன்பொருள் எண்ணிகள் உள்ளே தெரியாத மெய்நிகர் கணினியில் பெர்ஃப், சிபியுவை அவ்வப்போது இடைமறிக்கும் கடிகாரக் குறுக்கீட்டை நம்பி அளவெடுக்கிறது. குறுக்கீடுகள் அணைக்கப்பட்டிருக்கும் பகுதிக்குள் அதனால் எட்டிப் பார்க்க முடியாது. குறுக்கீடுகள் திரும்ப இயங்கும் இடத்தில்தான் குறிப்பு விழும். அதனால் ஸ்பின் லாக்கைத் திறக்கும் சார்பு பட்டியலின் உச்சியில் நிற்கும்; பார்ப்பவர் குற்றமற்ற ஒன்றைக் குற்றவாளி என்று எண்ணிவிடுவார். திரையில் ஓர் எச்சரிக்கையாவது இதைப் பற்றி வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். உங்கள் பேக்கப் சர்வர் மெய்நிகர் கணினியாக இருந்தால், சிபியுவின் துடிப்புகளை எண்ணும் சைக்கிள் எண்ணி உண்மையில் கிடைக்கிறதா என்பதை ‘பெர்ஃப் ஸ்டாட்’ வழியாக முதலில் பார்த்துவிடுங்கள்.

எந்தச் சார்பு எதை அழைத்தது என்று தடம் காட்டும் ஃபிரேம் பாயின்டர் இல்லாமல் தொகுக்கப்பட்ட நிரல்களில் அழைப்புத் தொடர் அறுந்து போவதும் ஒரு தொல்லையாக இருந்தது. ஃபெடோரா 38, உபுண்டு 24.04 ஆகியவற்றிலிருந்து அது இயல்பாகவே சேர்க்கப்படுவதால் அந்தத் தொல்லை தணிந்துவருகிறது. கர்னலுக்குள் தேடும் வேலைக்கு இது பெரிதாகக் குறுக்கே நிற்பதும் இல்லை.

விலை ஏதும் இல்லாத கருவி இது. டெபியனில் லினக்ஸ்-பெர்ஃப் என்ற பொதியாகவும், உபுண்டுவில் கர்னல் பதிப்புக்கு ஏற்ற லினக்ஸ்-டூல்ஸ் பொதியாகவும் கிடைக்கிறது. சர்வரை அமைக்கும் நாளிலேயே அதை நிறுவிவிடுங்கள். சிபியு முழுவதும் கர்னலின் பிடியில் இருக்கும் இரவில் ஒரு பொதியை நிறுவுவதற்கே நான் கால் மணி நேரம் காத்திருந்தேன்.